கடலுக்குள் கொட்டிய குண்டுகளின் கணக்கைக் கேட்டு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலர், பாதுகாப்பு அமைச்சகம், புதுதில்லி
செயலர், புவி அறிவியல் அமைச்சகம், புதுதில்லி

மதிப்பிற்குரிய செயலர்கள் இருவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலந்தொட்டு இந்தியாவைச் சுற்றியுள்ள கடல்களில் கொட்டப்பட்ட குண்டுகள், எறிகணைகள், ரசாயன ஆயுதங்கள் ஆகியவற்றைப் பற்றி உங்கள் அமைச்சகங்களிடமும் அவற்றின் கீழுள்ள அலுவலகங்களிடமும் இருக்கும் ஆவணங்களை ஒன்றாகத் தொகுத்து, எங்கே, எப்போது, யாரால், எவ்வளவு கொட்டப்பட்டது என்னும் விவரங்களை வரைபடத்துடன் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று கோரி இம்மடலை எழுதுகிறேன்.

கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். நான் கம்மவான்பேட்டையைச் சேர்ந்தவன். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்ததால் ராணுவப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்தில் பெயரெடுத்த ஊர் அது. நானும் ராணுவத்தில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை வெடிமருந்துக் கிடங்குகளில் கழித்து ஓய்வுபெற்றவன். கிடங்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை உண்டு. லாட் எண், தயாரித்த ஆண்டு, கடைசியாகச் சோதித்த நாள் எல்லாம் அதில் இருக்கும். ஒரு தோட்டா குறைந்தாலும் விசாரணை நடக்கும். பழைய எறிகணையின் திருகுமரையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பசை படிந்திருந்தால், உள்ளே இருக்கும் டிஎன்டி என்னும் வெடிமருந்து கசியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கி, சிவப்பு மையில் குறித்து, அழிப்புக்கு அனுப்பும்வரை மேலதிகாரிக்குத் தூக்கம் வராது. நிழலும் காற்றோட்டமும் காவலும் உள்ள இடத்திலேயே இவ்வளவு கவனம் தேவைப்படும் ஒரு பொருளை உப்புநீரில் போட்டுவிட்டு, எண்பது ஆண்டுகளாக அதன் அட்டையைக்கூடத் தேடாமல் இருப்பதை என்னைப் போன்ற ஒருவனால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1945-இல் உலகம் முழுவதும் எஞ்சிய ஆயுதங்கள் மலையாகக் குவிந்திருந்தன. அவற்றைப் பிரித்து அழிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. கடல் அருகில் இருந்தது. ஜெர்மனியின் கடற்பகுதியில் மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் டன் வெடிபொருள் கிடப்பதாக அந்நாடே கணக்கிட்டுள்ளது. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் ஏறத்தாழ 40,000 டன் ரசாயன ஆயுதங்கள் கொட்டப்பட்டன. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலுள்ள போஃபோர்ட்ஸ் டைக் என்னும் கடற்பள்ளத்தில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் போடப்பட்டன. அமெரிக்கா ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்துக்குத் தெற்கே, உடலில் கொப்புளம் எழுப்பும் நஞ்சான கடுகு வாயு நிரப்பிய 16,000 குண்டுகளைத் தள்ளியது. குறித்த இடம்வரை போய்ச் சேரப் பொறுமையில்லாத கப்பல்கள் வழியெங்கும் சரக்கைத் தள்ளிக்கொண்டே போனதால், பால்டிக்கில் இன்று வரைபடத்தில் உள்ள வட்டங்களுக்கு வெளியேயும் குண்டுகள் கிடைக்கின்றன. ஆகவே கொட்டிய இடம் ஒன்று என்று கோப்பில் இருந்தாலும், கப்பல் சென்ற தடம் முழுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

கடலடியில் இவை எப்படிச் சிதைகின்றன என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பீரங்கி எறிகணையின் சுவர் தடித்தது. விமானத்திலிருந்து போடும் ரசாயனக் குண்டின் தகடு மெல்லியது. சேற்றில் புதைந்தது மெதுவாகத் துருப்பிடிக்கும். மணல்மேல் நீரோட்டத்தில் கிடப்பது வேகமாகத் துருப்பிடிக்கும். எனவே எல்லாம் ஒரே ஆண்டில் ஓட்டையாவதில்லை; இப்போது தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்கு ஒவ்வொன்றாக வாய் திறந்துகொண்டிருக்கும். வெளியே வரும் டிஎன்டி நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, நுண்ணுயிர்களால் வேறு சேர்மங்களாக மாறுகிறது, அவையும் நஞ்சுதான். ஜெர்மனியின் கீல் நகருக்கு அருகே கோல்பெர்கர் ஹைடே என்னும் கொட்டுமிடத்தில் கூண்டுகளில் சிப்பிகளை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அவற்றின் சதையில் டிஎன்டியின் சிதைபொருள்களைக் கண்டனர். அதே இடத்தில் பிடித்த டாப் என்னும் தட்டைமீன்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு ஈரல் கட்டி இருந்தது. மற்ற இடங்களில் அது மிகவும் குறைவு. நம் சந்தையில் விற்கும் நாக்கு மீனைப் போலவே கடலடியோடு ஒட்டிக்கிடந்து இரை தேடும் மீன் அது.

கடுகு வாயு பெயரளவில்தான் வாயு. ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். அதற்கு மேலே பிசுபிசுப்பான திரவம். நீரைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். நீர் பட்ட மேற்பரப்பு மெதுவாக வினைபுரிந்து ஒரு தோலைப் போர்த்திக்கொள்ள, உள்ளே இருப்பது பல ஆண்டுகள் வீரியம் குறையாமல் கட்டியாகக் கிடக்கும். போர்ன்ஹோம் தீவுக்கு அருகே மீன்பிடிக்கும் டென்மார்க் மீனவர்களின் வலைகளில் இத்தகைய கட்டிகள் பலமுறை சிக்கியுள்ளன. நம்முடைய கடல் வெப்பமானது, இங்கே அது தங்காது என்று சிலர் சொல்லக்கூடும். மேற்பரப்புக்கு அது பொருந்தும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வங்காள விரிகுடாவின் நீரும் பத்து டிகிரிக்குக் குறைவாகவே இருக்கிறது. ஆர்செனிக் கலந்த ரசாயன ஆயுதங்களின் கதை இன்னும் மோசம். சேர்மம் சிதைந்தாலும் ஆர்செனிக் சிதையாது, வண்டலில் தங்கிவிடும். வெடிப்பூட்டிகளில் இருக்கும் பாதரசத்துக்கும் இதுவே பொருந்தும். வெண்பாஸ்பரஸ் மற்றொரு வகை ஆபத்து. பால்டிக் கரையில் ஒதுங்கும் அதன் துண்டுகள் மஞ்சள் அம்பர் கல்லைப் போலவே இருப்பதால், எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. துண்டு உலர்ந்ததும் தானாகப் பற்றிக்கொண்டு உடலைச் சுட்டது.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்தது. 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தை ஜெர்மன் விமானங்கள் தாக்கின. அங்கே நின்ற ஜான் ஹார்வி என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பலில் கடுகு வாயு நிரப்பிய 2,000 குண்டுகள் இருந்தன. சரக்கு ரகசியமானது என்பதால் அது என்ன என்று துறைமுகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த சிலர் கப்பலோடு இறந்துபோனார்கள். எண்ணெயும் கடுகு வாயுவும் கலந்த நீரிலிருந்து மீட்கப்பட்ட மாலுமிகளை, குளிரிலும் அதிர்ச்சியிலும் நடுங்குகிறார்கள் என்று கருதிய மருத்துவமனைப் பணியாளர்கள், நனைந்த உடையைக்கூடக் கழற்றாமல் கம்பளியால் போர்த்தி வைத்தனர். உடனே உடையைக் களைந்து உடலைக் கழுவியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். பல மணி நேரம் கழித்தே கொப்புளங்கள் எழுந்தன, கண்கள் மூடிக்கொண்டன. படையினரும் மாலுமிகளுமாக 600-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 83 பேர் இறந்தனர். நகரத்துப் பொதுமக்களில் இறந்தவர்களின் முறையான கணக்கு எடுக்கப்படவே இல்லை. அவர்களில் பலரைக் கொன்றதில் நஞ்சுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு மறைப்புக்கும் உண்டு. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அக்கரையோர மீனவர்கள் வலையில் வந்த குண்டுகளால் புண்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதை வேலூரில் இருந்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும், அதாவது அதே விரிகுடாவின் கரைகளிலிருந்து, ஆயிரக்கணக்கான நோயாளிகள் எங்கள் ஊர் சிஎம்சி மருத்துவமனையைத் தேடி வருகிறார்கள். கையில் ஆறாத கொப்புளத்தோடு ஒரு மீனவர் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும், அவர் வலை இழுத்த இடத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று ஒரு வழியும் இல்லை. தொட்ட நேரத்துக்கும் கொப்புளம் எழும் நேரத்துக்கும் இடையே பல மணி நேரம் கழிவதால், அந்த மீனவருக்கே காரணம் தெரிந்திருக்காது.

வங்காள விரிகுடாவுக்கு இது கற்பனையான கவலை இல்லை. போரின்போது இந்தியா நேச நாட்டுப் படைகளின் பெரிய தளமாக இருந்தது. இங்கே சேமிக்கப்பட்ட ரசாயன ஆயுதங்களும் பிற வெடிபொருள்களும் போர் முடிந்ததும் ஏதோ ஒரு வழியில் அகற்றப்பட்டன. கடலில் ஆயுதங்களைக் கொட்டிய இடங்களைப் பற்றி அமெரிக்க ராணுவம் பின்னாளில் தொகுத்த பட்டியலில் இந்தியக் கடற்பகுதியும் இடம்பெற்றுள்ளது. தான் கொட்டியதை அமெரிக்கா அரைகுறையாகவேனும் ஒப்புக்கொண்டுவிட்டது. தன் கடலில் கொட்டப்பட்டதை நம் அரசு மக்களிடம் சொல்லவில்லை. சட்டத்திலும் இதற்கு ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டுள்ளது. 1997-இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கையின்படி, 1985 ஜனவரி 1-க்கு முன் கடலில் கொட்டப்பட்ட ரசாயன ஆயுதங்களை அறிவிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். கொட்டியவர்களே உட்கார்ந்து எழுதிய உடன்படிக்கை என்பதால் வந்த சலுகை இது என்றே நான் நினைக்கிறேன். இந்தியா இந்தச் சலுகையின் பின்னால் ஒதுங்க வேண்டிய அவசியம் இல்லை. தன்னிடம் இருந்த 1,044 டன் கடுகு வாயுவை வெளிப்படையாக அறிவித்து, உலக ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் கண்காணிப்பில் 2009-க்குள் முழுவதும் அழித்து முடித்த நாடு இது. தான் செய்ததையே மறைக்காத நாடு, பிறர் செய்துவிட்டுப் போனதை ஏன் மறைக்க வேண்டும்?

மீனவர்களின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புதுச்சேரி மீனவர்களின் வலையில் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பாகம் ஒன்று சிக்கியபோது, அது என்னவென்று தெரியாமலேயே படகுகளில் கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அது வெறும் கூடு. அதே இடத்தில் கப்பல்களைத் தகர்க்க வைக்கும் பழைய கடற்கண்ணி வெடி ஒன்று இருந்திருந்தாலும் அப்படியேதான் இழுத்திருப்பார்கள். இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும் வலை. அடியில் கிடப்பது எதுவானாலும் அதில் ஏறும். துருப்பிடித்த உருளை ஒன்று மடியில் ஏறினால், கரைக்குக் கொண்டுவந்து தகவல் சொன்னால் விசாரணை, வாக்குமூலம் என்று தொழில் நாட்கள் போகும், பிடித்த மீனும் விற்காது என்று நினைக்கும் மீனவர், அதை வேறோர் இடத்தில் கடலிலேயே தள்ளிவிடுவார். இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படித் தள்ளப்படும் ஒவ்வொன்றும் இன்னும் ஆழம் குறைந்த, கரைக்கு நெருங்கிய இடத்தில் போய்க் கிடக்கிறது. வேலூர் மீன் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்து இறங்கும் பெட்டிகளில் நவரையும் சங்கராவும் நாக்கு மீனும் எந்தக் கடலடியிலிருந்து வந்தவை என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்கும் எங்களுக்கும் தெரியாது.

தகவல் இருந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அண்மையில் பார்த்தோம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 640 கொள்கலன்களில் 13-இல் ஆபத்தான சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு என்று உடனுக்குடன் தெரியவந்ததால், ஒதுங்கும் கொள்கலன் எதையும் தொட வேண்டாம் என்று கரையோர மக்களை எச்சரிக்க முடிந்தது. கப்பலுக்குச் சரக்குப் பட்டியல் இருந்தது. கடலடியில் கிடக்கும் குண்டுகளுக்கும் ஒரு காலத்தில் பட்டியல் இருந்திருக்கும்; படையில் பட்டியல் இல்லாமல் எதுவும் கிடங்கைவிட்டு வெளியே போகாது.

வேலூருக்கு இந்த விஷயத்தில் பேசும் தகுதி இருக்கிறது என்று நான் நினைப்பதற்குப் பாலாறே காரணம். தோல் தொழிற்சாலைகளின் கழிவால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதாக உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்புதான், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. கேடு விளையும் என்பதற்கு அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்று காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு செய்பவரைச் சேர்ந்தது என்று அத்தீர்ப்பு சொல்கிறது. நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எங்கள் ஊர்ப் பெயரால் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அதே பாலாற்றின் மாசு குறித்து 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீர்ப்பு வருவது வேறு, நிலம் தேறுவது வேறு.

ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடந்ததை இப்பகுதி மக்கள் எல்லோரும் அறிவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஓடும் நீர் மஞ்சளாக இருக்கும். ஆலை மூடிவிட்டது, உரிமையாளர் கையில் இல்லை, அப்புறப்படுத்தும் செலவு யாருடையது என்ற கேள்வியிலேயே காலம் போயிற்று. ஆனால் அந்தக் குவியல் எங்கே இருக்கிறது என்றாவது எங்களுக்குத் தெரியும். எந்தக் கிணற்றில் குடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறது. கடலடிக் குவியலைப் பற்றி மீனவர்களால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தை நீங்கள் முன்வைக்கக்கூடும். சீருடை அணிந்தவன் என்ற முறையில் அக்காரணத்தை நான் இலேசாக நினைப்பவன் இல்லை. ஆயினும் 1945-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நிய அரசு ஒன்று கொட்டிவிட்டுப் போன துருப்பிடித்த இரும்பு இன்று எந்த எல்லையையும் காக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதாக இருந்தால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது. போர் தொடர்பான ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் பொதுப் பார்வைக்குத் திறக்க வேண்டும் என்ற கொள்கையை 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகமே அறிவித்தது. ஆழ்கடலில் கிடக்கும் கடுகு வாயுக் குண்டை யாரேனும் எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், இடத்தைத் துல்லியமாகக் குறிக்காமல் ஒரு பரப்பாகக் காட்டலாம். மீனவருக்குத் தேவை அந்தப் பரப்பைத் தவிர்ப்பது மட்டுமே.

எல்லாவற்றையும் உடனே தோண்டி எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1967-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகருக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த கீல்ட்சே என்னும் போலந்துக் கப்பலின் வெடிபொருளை அகற்ற முயன்றபோது அது மொத்தமாக வெடித்து, கரையில் நில அதிர்வாக உணரப்பட்டது. கடலடியிலேயே வெடிக்கச் செய்வதும் நல்ல வழி இல்லை. 2019-இல் பால்டிக்கின் ஃபெஹ்மார்ன் பகுதியில் பழைய கடற்கண்ணிகளை வெடிக்கச் செய்த பிறகு கரையொதுங்கிய, டால்பினைப் போன்ற கடற்பன்றிகள் சிலவற்றில், காதின் எலும்புகள்வரை அதிர்ச்சிக் காயம் காணப்பட்டது. அதோடு, முழுவதும் வெடிக்காத டிஎன்டி நீரில் சிதறிப் பரவுகிறது. ஜெர்மனியின் லூபெக் விரிகுடாவில் பழைய குண்டுகளின் கூட்டின்மேல் கடலுயிர்கள் அடர்ந்து குடியேறியிருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடல் எதையும் வீடாக்கிக்கொள்ளும் என்பதால் உள்ளே இருப்பது நல்லதாகிவிடாது, ஆனால் எடுப்பவர்கள் பதற்றமின்றி எடுக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு காரணம். ஜெர்மனி 10 கோடி யூரோ ஒதுக்கி அவ்விரிகுடாவில் சோதனை முறையில் அகற்றும் பணியைத் தொடங்கியிருக்கிறது. அந்த அனுபவத்தை நாம் பார்த்துக் கற்கலாம். அதற்கு முன்பு நம்மிடம் வரைபடம் இருக்க வேண்டும்.

வரைபடம் கிடைத்தபின் செய்ய வேண்டியவற்றுக்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீன்வளம் மிகுந்த இடங்களைப் பற்றிய அறிவிப்பைத் தமிழிலும் மீனவர்களுக்கு அனுப்பி வருகிறது. எங்கே மடி இறக்கக் கூடாது என்பதையும் அதே அறிவிப்பில் சேர்க்கலாம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நீரையும் வண்டலையும் எடுத்துச் சோதிக்கும் பணியில் டிஎன்டியின் சிதைபொருள்களையும் ஆர்செனிக்கையும், குறித்த பரப்புகளுக்கு அருகிலாவது, சேர்த்துக்கொள்ளலாம். அதே பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மனிதரை அனுப்ப மத்ஸ்யா 6000 என்னும் கலத்தை உருவாக்குகிறது. அத்தகைய ஆழத்தில் கனிமம் தேட முடிந்த நாட்டுக்குக் குண்டு தேடுவது முடியாத காரியம் இல்லை. தமிழகக் கரையோரம் கடலில் காற்றாலைகள் நட வேண்டும் என்ற திட்டமும் இருக்கிறது. ஐரோப்பாவில் வெடிபொருள் சோதனை முடியாமல் அப்படி ஒரு தூணையும் நடுவதில்லை.

மீனவருக்கு ஓர் உறுதியும் வேண்டும். வலையில் சந்தேகத்துக்குரிய பொருள் ஏறினால் தொடாமல், அவிழ்க்காமல், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணில் சொன்னால் போதும், வழக்கும் விசாரணையும் அவர்மீது வராது என்று எழுத்தில் அறிவியுங்கள். கொட்டிவிட்ட மீனுக்கு டென்மார்க் தன் மீனவர்களுக்கு இழப்பீடு தருவதைப் போல, இங்கும் அதற்கும் அறுத்துவிட்ட வலைக்கும் ஒரு தொகை நிர்ணயியுங்கள். பணம் இல்லாமல் இந்த ஏற்பாடு நடக்காது. தகவல் சொன்னவர் நட்டப்படுவார் என்றால் அடுத்த உருளையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

இம்மடலின் நகல்கள் மேற்சொன்ன இரண்டு பள்ளிக்கரணை நிறுவனங்களுக்கும் தமிழ்நாடு மீன்வளத் துறைக்கும் அனுப்பப்படுகின்றன. ஆவணங்கள் உங்களிடம் இருந்தால் எந்தத் தேதிக்குள் வெளியிடுவீர்கள் என்றும், இல்லையெனில் இல்லை என்றும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்பது பதிலானால், 1945 முதல் 1947 வரையிலான இந்தியக் கிடங்குகளின் வெடிபொருள் அகற்றல் பதிவுகளை லண்டனிலும் வாஷிங்டனிலும் உள்ள ஆவணக் காப்பகங்களிலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகக் கேட்டுப் பெற்று, அக்கோரிக்கைக் கடிதங்களையும் பொதுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
வெடிமருந்துக் கிடங்குப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவன்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்